பார்ப்பதற்கு நாலு பட்டன்

எந்த லாரியில் ஏறினாலும் முச்சந்தி வந்ததும் என் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. இடப்பக்கம் பார்க்கிறேன், வலப்பக்கம் பார்க்கிறேன், வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொள்கிறேன். ஓட்டுகிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை. "சும்மா உக்காருப்பா, எனக்குக் கண்ணு இருக்குது" என்பார்கள். நியாயம்தான். எத்தனையோ ஊர்களையும் வேலைகளையும் விட்டுவிட்டேன், இந்தப் பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை. இது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் தொடங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் என் மாமாவின் டெம்போ தேங்காய் லோடோடு பொள்ளாச்சி ரோட்டில் கவிழ்ந்தது. மாமா, அம்மாவின் தம்பி. உயிர் தப்பியது, கழுத்து மட்டும் திரும்ப மறுத்துவிட்டது. யாராவது கூப்பிட்டால், பீரோவை நகர்த்துவதுபோல உடம்பு முழுவதையும் திருப்புவார். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அப்பா போன பிறகு எங்கள் வீட்டு அடுப்பும் அந்த டெம்போவை நம்பித்தான் எரிந்தது என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரியாது.

மாமாவோடு படித்த ஒருவர் ஆர்.எஸ்.புரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். வகுப்பில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா அங்கே போய் உட்காருவார், நானும் ஒட்டிக்கொள்வேன். ஒரு மெஷினில் விமானம் ஓட்டும் விளையாட்டு இருந்தது. கையில் பிடிக்க ஒரு ஜாய்ஸ்டிக், அதில் நாலு பட்டன். எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே மாற்றி வைத்துக்கொள்ளலாம். பிரேக் வைக்கலாம், சக்கரத்தை மடக்க வைக்கலாம். எனக்குச் சக்கரம் மடங்கினால் போதும்.

திரையில் வந்த அந்தப் பட்டியலை மாமா வெகுநேரம் பார்த்தார். பிறகு முதல் பட்டனுக்கு இடப்பக்கம் பார்ப்பது, அடுத்ததற்கு வலப்பக்கம், மூன்றாவதற்குப் பின்பக்கம் என்று வைக்கச் சொன்னார்.

"ஏண்டா, ஓட்டறவனுக்கு பிரேக்கு வேணுமா, சன்னல் வேணுமா?" என்றார் சென்டர்காரர்.

"பிரேக்கு கீபோர்டுல கெடந்துட்டுப் போகுது. சொன்னதைச் செய்யிடா."

விமானம் மேலே போனதும் மாமா முதல் பட்டனை அழுத்தினார். திரை முழுக்க இறக்கையும் கீழே பச்சைக் கட்டங்களுமாக வந்தது. பழையபடி முன்னால் திரும்பத்தான் வழி தெரியவில்லை. இறக்கையைப் பார்த்தபடியே போய் ஏதோ ஒரு மலையில் மோதினோம்.

"நேராப் பாக்கறதுக்கும் ஒண்ணு வெக்கோணுமாட்ட இருக்குது" என்றார் மாமா.

"நாலாவது சக்கரத்துக்குங் மாமா..."

"சக்கரம் அதும்பாட்டுக்குத் தொங்கட்டும் கண்ணு."

அதற்குப் பிறகு மாமா எந்த ஊருக்கும் போகவில்லை, எங்கும் இறங்கவுமில்லை. கழுத்து அசையாமல் இடதும் வலதும் பின்னாலும் பார்த்தபடி வானத்தில் சுற்றிக்கொண்டே இருந்தார். "ஏனுங் பைலட்டு, எந்த ஊருங் வந்திருக்குது?" என்று சென்டர்காரர் கிண்டல் செய்வார். "ஊராடா முக்கியம்? பின்னாடி ஒருத்தனும் வரலீல்ல, பாரு" என்பார் மாமா. விளையாடத் தெரியாத மனுசன் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

கோடை லீவில் மாமா மறுபடி டெம்போவை எடுத்தார். பக்கத்து சீட்டில் நான். கண்ணாடி பின்னால் வருவதைக் கொஞ்சம் காட்டும், முச்சந்தியில் பக்கத்திலிருந்து பாய்ந்து வருவதைக் காட்டாது. அதனால் என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினால் நான் இடப்பக்கம் பார்க்க வேண்டும், இரண்டு தட்டினால் வலப்பக்கம், கிள்ளினால் பின்பக்கம்.

"முன்னாடிக்குங் மாமா?"

"முன்னாடி நாம் பாத்துக்கறேன். நீ அங்க பாக்கவே வேண்டாம். பஸ்ஸு வந்தா பஸ்ஸுன்னு சொல்லு, மாடு வந்தா மாடுன்னு சொல்லு. ஒண்ணும் வரலீன்னா ஒண்ணுமில்லைன்னு சொல்லோணும். கதை பேசப்படாது."

நானே ஜாய்ஸ்டிக் ஆனதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனைமலைக்குப் போய்த் தேங்காய் ஏற்றி வந்தோம். சாயங்காலம் கழுத்து இற்றுப்போகும். அம்மா ஒரே தைலத்தை முதலில் எனக்கும் பிறகு மாமாவுக்கும் தேய்ப்பாள்.

"பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது தம்பி" என்றாள் ஒருநாள்.

"வேற ஆளு கெடைக்கற வரைக்குந்தானுங் அக்கா" என்றார் மாமா. அம்மா தைலப் புட்டியை வெகுநேரம் மூடிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. வேறு ஆள் கிடைக்கவில்லை. அன்று காலையும் லோடு எடுக்கப் போனோம். எங்கள் பள்ளிக்கூடம் ஒரு முச்சந்தியின் ஓரத்தில் இருந்தது. மாமா வண்டியை நிறுத்தி என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார். நான் இடப்பக்கம் திரும்பினேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வரிசையாக நின்று காலைப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்புக்காரர்கள் புதுச் சட்டையில் இருந்தார்கள். ரோட்டில் பஸ் இல்லை, லாரி இல்லை, மாடும் இல்லை.

"ஒண்ணுமில்லீங் மாமா" என்றேன்.

வண்டி நகரவில்லை. மாமா முன்கண்ணாடி வழியே நேராகப் பார்த்தபடி இருந்தார். தட்டிய கை என் முழங்காலிலேயே கிடந்தது. பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரன் அடித்தான். பாட்டுச் சத்தத்தில் நான் சொன்னது அவர் காதில் விழவில்லை என்று நினைத்து, இன்னும் உரக்கச் சொன்னேன்.

"ஒண்ணுமே இல்லீங் மாமா. போலாங்."