கோட்டையும் பள்ளிவாசலும் காதர் பாயும்

கல்யாணத்தைப் படமெடுக்கப் போனால் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவார்கள், பழைய கோட்டையைப் படமெடுக்கப் போனால் "உனக்கு இங்கே என்ன வேலை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வளைகுடா வெயிலில் அலைந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் அல் ஐனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். விசாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுத்து எடுத்து, தெருவில் நடந்து போகிறவரிடம்கூட "தாடையை இறக்குங்க" என்று சொல்லிவிடும் நிலைமை. அப்போதுதான் ஒரு கன்சல்டன்சி கம்பெனி கூப்பிட்டது. எங்கு பார்த்தாலும் புது ரோடும் புதுக் கட்டடமும் எழும்பிய காலம். வழியில் நிற்கும் பழைய கோட்டை, காவல் கோபுரம், மண் வீடு, பள்ளிவாசல் எல்லாவற்றையும் நான் படமெடுத்துத் தர வேண்டும். படத்தைப் பார்த்து, பழைய கட்டடம்தான் என்று நம்பினால் விட்டுவைப்பார்கள். நம்பாவிட்டால் புல்டோசர் வரும். நான் சொதப்பினால் யாரோ எப்போதோ கட்டிய சுவர் போய்விடும் என்ற பயம் அந்த வேலை முழுக்க என்னோடு இருந்தது.

கம்பெனி கொடுத்த டிரைவர் காதர் பாய், அதிராம்பட்டினத்துக்காரர். என்னைவிட மூத்தவர், என்னைவிட ஓயாமல் பேசுகிறவர்.

கேமராவுக்கு ஆகாத குளிர்

முதல் வேலை ராஸ் அல் கைமா கடற்கரையில், பவளக் கல்லால் கட்டிய பழைய வீடுகள். கிட்டே போய்ப் பார்த்தால் சுவருக்குள் சிப்பி தெரியும். கடலையே வெட்டி எடுத்து வந்து வீடு கட்டியிருக்கிறார்கள்! காலை வெளிச்சம் சாய்வாக விழும்போது அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு. நான் பார்த்தேன், கேமராதான் பார்க்கவில்லை. ஏசி வண்டியிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்க ஈரம் படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. அது தெளிவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறி, சுவர் வெறும் வெள்ளைத் துணி மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் விவரமாகிவிட்டேன். இடம் நெருங்குவதற்கு வெகு முன்பே ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கச் சொன்னேன். ஆகஸ்ட் மாதம். காதர் பாயின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. படம் அருமையாக வந்தது. அதைக் காட்டியபோது அவர் சொன்னார்: "கேமராவுக்குக் குளிரு ஆகாதுன்னா ஏசிய நிறுத்துறிய. எனக்கு வெயிலு ஆகாதுன்னு சொன்னா யாரு கேக்குறா?"

கோபுரத்தில் ஏறிய குற்றம்

மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய காவல் கோபுரம். உச்சியிலிருந்து பள்ளத்தாக்கைப் படமெடுத்தால் கோபுரம் எதற்காக அங்கே நிற்கிறது என்பது யாருக்கும் விளங்கிவிடும் என்று கணக்குப் போட்டு ஏறினேன். கேமராவைக் கண்ணில் வைத்ததுதான் தாமதம், கீழே ஒரு பெண்ணின் குரல் அலறியது. பக்கத்து வீடுகளின் முற்றங்கள் எல்லாம் எனக்குக் கீழே திறந்து கிடந்தன. நம் ஊரிலேயே மொட்டை மாடியில் நின்று அடுத்த வீட்டைப் பார்த்தால் சண்டை வரும். இது எந்த ஊர்!

நான் இறங்கி வருவதற்குள் அந்த வீட்டுக்காரர் தன் நீளமான வெள்ளை அங்கி, கந்தூராவை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வந்துவிட்டார். போலீஸ்தான் என்று முடிவு செய்துவிட்டேன். காதர் பாய் அரபியில் விஷயத்தைச் சொன்னார். மனிதர் கோபுரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டுக்குள் ஆள் அனுப்பிப் பெண்களை உள்ளே போகச் சொல்லிவிட்டு, எங்களை நிழலில் உட்கார வைத்துக் காவா என்கிற அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். பிறகு அவரே என்னோடு மேலே ஏறி, எந்தப் பக்கம் எடுக்கலாம் என்று கை காட்டினார். அந்தப் பெருந்தன்மை எனக்கு வராது. இறங்கும்போது சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார், காதர் பாய் தமிழாக்கினார்: "எங்க பாட்டன் இதுல ஏறி எதிரி வர்றானான்னு பாத்தாரு. நீ ஏறி எங்க வீட்டுத் துணி காயுதான்னு பாத்திருக்கே."

காற்று வரும் கட்டில்

ஷார்ஜாவில் காற்றுக்கோபுரம் வைத்த பழைய வியாபாரி வீடு. வீட்டுக்காரர்கள் எப்போதோ புது வில்லாவுக்குப் போய்விட, அதில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன்கள் பேச்சிலர் ரூம் போட்டிருந்தார்கள். முற்றம் முழுக்கக் கைலி காய்ந்தது. "கொடியை மட்டும் கொஞ்சம் அவிழ்க்க முடியுமா?" என்று கேட்டேன். அவிழ்த்ததோடு விடாமல் முற்றத்தைக் கூட்டி, குழம்புச் சட்டியை மறைத்து, மாப்பிள்ளை வீட்டார் வருகிற மாதிரி இடத்தைத் தயார் செய்துவிட்டார்கள்.

காற்றுக்கோபுரத்துக்கு நேர் கீழே ஒரே ஒரு கட்டில். அதன்மேல் போய் நின்றேன். வெளியே தார் உருகுகிற வெயில், என் தலையில் சிலுசிலுவென்று காற்று! மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. நான்கு பக்கமும் திறந்த கோபுரம் எந்தத் திசைக் காற்றையும் பிடித்து உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன். அந்தக் கட்டிலுக்குச் சொந்தக்காரனான கம்பி கட்டும் தொழிலாளி பக்கத்தில் வந்து சொன்னான்: "கரண்டு போனாலும் இங்க தூக்கம் வரும்ணே. கட்டுனவன் எந்த நாட்டுக்காரனா இருந்தா என்ன, அவன் புள்ளகுட்டி நல்லாருக்கணும்."

ஏசியைக் கழற்றியவர்கள்

என்னை மிகவும் அலைக்கழித்தது அல் ஐனுக்கு வெளியே, பேரீச்சந்தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னப் பள்ளிவாசல். அகலப்படுத்தும் ரோடு அதன்மேல்தான் வந்தது. உண்மையில் பழைய மண் பள்ளி. ஆனால் யாரோ நல்ல மனதோடு உள்ளும் புறமும் சிமெண்ட் பூசி, பச்சை பெயிண்ட் அடித்து, பிளைவுட் கூரையும் போட்டுவிட்டார்கள். பார்த்தால் கடை கோடவுன் மாதிரி இருந்தது. எங்கள் எகிப்திய இன்ஜினியர் ஒரு முறை பார்த்துவிட்டு, "இது புதுசு" என்று சொல்லியிருந்தார். அங்கே தொழுகிறவர்கள் தோட்டத்து வேலைக்காரர்கள், முக்கால்வாசிப் பேர் பட்டாணியர். இமாம் வங்காள தேசத்தவர். இது போனால் ரோட்டைத் தாண்டி வெகுதூரம் நடக்க வேண்டும். அதைவிட, தங்கள் பள்ளி என்று அவர்களுக்கு அந்த நாட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

நான் வேற்று மதத்தான் என்பதால் வாசலோடு நின்றுகொண்டு, சின்ன டிஜிட்டல் கேமராவைக் காதர் பாயிடம் கொடுத்து உள்ளே அனுப்பினேன். அவர் எடுத்த படங்களில் பாதி சிமெண்ட், பாதி அவருடைய கட்டை விரல். சுற்றிச் சுற்றி வந்தேன். பின்பக்கம் ஜன்னல் ஏசிக்குக் கீழே, தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பூச்சு உதிர்ந்து செம்மண் கறை வழிந்திருந்தது. "இந்த ஏசி மட்டும் இல்லாவிட்டால் சுவரின் வயிற்றையே காட்டிவிடலாம்" என்று அலுத்துக்கொண்டேன். காதர் பாய் அதை அப்படியே ஹிந்தியில் இமாமிடம் சொல்லிவிட்டார்.

இமாம் தோட்டத்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். ஆட்கள் வந்தார்கள், தங்களுக்குள் பேசினார்கள், ஸ்பேனர் வந்தது. நான் "வேண்டாம் பாய், வெயில் காலம்" என்று சொல்வதற்குள் ஏசி தரையில் இருந்தது. அந்த ஓட்டையில் கண்டேன்: வைக்கோல் கலந்த மண் செங்கல், வரிசை வரிசையாக. ஒரு கை முழுக்க உள்ளே போகும் கனம். அளவு தெரிய வேண்டுமே என்று காதர் பாயைத் தோள்வரை கையை விடச் சொல்லி எடுத்தேன். எடுத்து முடித்ததும் அவர்கள் அந்தப் புழுக்கத்தில் உள்ளே போய் மதியத் தொழுகைக்கு நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது; அதைச் சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை.

இன்ஜினியர் படத்தை வெகுநேரம் பார்த்தார். தன் குறிப்பைத் தானே அடித்துவிட்டு, "பழசுதான்" என்றார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "சுவர் சரி. இந்தக் கை யாருடையது? இதுவும் பழையது மாதிரிதானே இருக்கிறது?"

மறுபடி போனபோது

ரோடு கொஞ்சம் வளைந்து போனது, பள்ளி நின்றது. வேலையெல்லாம் முடிந்தபிறகு காதர் பாயும் நானும் பார்க்கப் போனோம். சிமெண்டைச் சுரண்டி எடுத்து மண் பூசியிருந்தார்கள். பூசியவர்களின் விரல் தடம் சாயங்கால வெயிலில் தெரிந்தது. அத்தனை லட்சணமான கட்டடத்தை நான் அதுவரை எடுத்ததில்லை. பின்பக்கம் போனால், ஏசி இருந்த ஓட்டையை மண் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஏசித் தண்ணீர் மண் சுவரை அரிக்குமாம், ஆகவே பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் ஏசி கூடாதாம்.

எனக்குத் தலை குனிந்துவிட்டது. இமாம் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்: "பள்ளி நிக்குது பாய், அது போதும். நீங்க நல்லா இருக்கணும்னு எல்லாரும் துஆ கேக்குறோம். ஆனா நீங்க இனிமே கேமராவோட இந்தப் பக்கம் வராதீங்க, ஃபேனையும் கழட்டச் சொல்லிருவாங்க."

ஆக, ஒரு பள்ளிவாசலைக் காப்பாற்றி, அதில் தொழுகிற அத்தனை பேரையும் வியர்க்க வைத்து, அதற்காக அவர்களுடைய துஆவையும் வாங்கிக்கொண்ட ஒரே போட்டோகிராபர் அநேகமாக நானாகத்தான் இருப்பேன்.