மானிட்டர் வாங்கப் போன கலர் அண்ணன்

கல்யாண ஆல்பம் செய்கிறவர்கள் மத்தியில் அவருக்குக் கலர் அண்ணன் என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைக் கேட்டால் அவருடைய மாமியாரே சற்று யோசித்துத்தான் சொல்வார். மண்டபத்து விளக்குகள் எந்தக் கோலத்தில் எரிந்திருந்தாலும் சரி, கம்ப்யூட்டரில் மணப்பெண்ணின் முகத்தை, அவளைப் பெற்றவள் பார்த்துப் பழகிய நிறத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், மனிதருக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது?

அந்தச் சொத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. வீட்டில் உட்கார்ந்து அவர் செய்து கொடுத்த ஆல்பங்கள் ஒவ்வொன்றாக ஸ்டுடியோவுக்குத் திரும்பி வந்தன. "எங்க பொண்ணு உயிரோடதானேங்க இருக்கா? தண்ணிக்குள்ள இருந்து தூக்கின மாதிரி நீலமாப் போட்டிருக்கீங்க!" என்று ஒரு தகப்பனார் வந்து கத்தினார். கலர் அண்ணன் அச்சகத்தைத் திட்டினார். அது எடுபடவில்லை என்றதும் காகிதத்தைத் திட்டினார். கடைசியில் வாயில்லாத மானிட்டர் தலையில் பழி விழுந்தது. வெள்ளையை எல்லாம் மஞ்சளாகக் காட்டுகிறதாம். மஞ்சளாகத் தெரிந்தால் அவர் என்ன செய்வார்? நீலத்தைக் கூட்டுவார். கூட்டிக்கொண்டேதான் இருந்தார்.

ஸ்டுடியோ முதலாளி சுற்றி வளைக்கவில்லை. "புது மானிட்டர் வாங்கி இந்த ஆல்பத்தைத் திருத்திக் கொடு. இதுவும் திரும்பி வந்தா இனிமே உனக்கு வேலை தர முடியாதுப்பா. கோவிச்சுக்காத."

மறுநாள் காலையில் மனைவியையும் அழைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். கிளம்பும்போதே சிடுசிடுப்பு. "சட்டையப் பாரு, பழுப்பேறிக் கிடக்கு. என்னத்தைத்தான் துவைக்கிறியோ!" பல மாதங்களாக இதே பாட்டுதான். அவளும் சோப்பை மாற்றிப் பார்த்தாள், ஊறவைத்துப் பார்த்தாள், இப்போது பதில் பேசுவதையே விட்டுவிட்டாள்.

கடைக்காரர் மூன்று திரைகளை வரிசையாக ஏற்றிக் காட்டினார். "இது கேம் ஆடுறதுக்கு சார். வண்டி திரும்பினா நீங்களே நாற்காலியோட சாஞ்சிடுவீங்க. நடுவுல இருக்குறது வேலைக்கு, கலர் அச்சு அசலா காட்டும். அந்த வளைஞ்சது படம் பார்க்க."

வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே மானிட்டர்தான். கேம் மானிட்டரைத் தவிர வேறெதையும் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்று கல்லூரியிலிருந்து மகள் போனில் உத்தரவு போட்டிருந்தாள். மனைவியின் கண் வளைந்த திரையை விட்டு நகரவில்லை. கலர் அண்ணனுக்கு இரண்டு பேருடைய ஆசையும் காதில் ஏறவில்லை.

"மூணுலயும் வெறும் வெள்ளையைப் போடுங்க" என்றார்.

போட்டார். மூன்றும் மஞ்சள்.

"வேற பீஸ் எடுங்க." எடுத்தார். அதுவும் மஞ்சள். "உங்க கடை லைட்டு சரியில்ல." முகம் சுளிக்காமல் விளக்கையும் அணைத்தார் அந்தப் புண்ணியவான். அப்போதும் அதே மஞ்சள். கலர் அண்ணனுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது.

"சார், மூணும் ஒரே மாதிரியா தெரியுது? அந்த வளைஞ்சதுல லேசா நீலம் அடிக்குதே!"

அவருக்கு எந்த நீலமும் தெரியவில்லை. மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. எது வெள்ளை?"

"நடுவுல இருக்குறதுங்க. அப்படியே உங்க சட்டை மாதிரி."

"என் சட்டை மாதிரியா?" குனிந்து பார்த்தார். "என் சட்டை என்ன நிறம்?"

பல மாதத்து ஏச்சுக்கும் சேர்த்துச் சுடச்சுடத் திருப்பிக் கொடுக்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "வெள்ளைங்க. எப்பவும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் சோப்ப மாத்திக்கிட்டே இருந்தேன்."

கலர் அண்ணன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் பூத்துவிட்டது என்று அவர் வெள்ளையடிக்கச் சொன்ன கூடத்துச் சுவர், கெட்டுப்போனது என்று சண்டை போட்ட பால், இரண்டு தடவை மாற்றிய டியூப்லைட் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கோளாறு எதிலும் இல்லை. அவர் கண்ணில்தான்.

முதலாளி போனில் கூப்பிட்டார். "வாங்கிட்டியா? இனிமே சரியா வரும்ல?"

"வாங்கிட்டேன் முதலாளி. வரும்" என்றார். போனை வைத்துவிட்டு நடுத்திரையைக் கட்டச் சொன்னார்.

மனைவி அவர் கையைப் பிடித்தாள். "இப்ப எதுக்குங்க இது? முதல்ல கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம்."

"போவோம். அதுக்கு முன்னாடி ஆல்பம் போகணும். கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சா எவன் எனக்கு வேலை கொடுப்பான்? மானிட்டர்ல கோளாறுன்னு இருந்தாத்தான் நமக்குச் சோறு." கடைக்காரர் காதில் விழாமல் சொல்லத்தான் நினைத்தார். குரல் உடைந்து அவருக்கும் கேட்டுவிட்டது. கடைக்காரர் பெட்டியைக் கட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் புதுத்திரையில் மணப்பெண்ணின் முகத்தைத் திறந்தார். வேலை நேரத்தில் மனைவி எட்டிப் பார்த்தாலே "உனக்கு என்ன தெரியும்?" என்று விரட்டுகிறவர், இன்று தானே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சொல்லு."

"நீலமா இருக்குங்க."

குறைத்தார்.

"இன்னும் கொஞ்சம்."

குறைக்கக் குறைக்க, அவர் கண்முன்னே அந்தப் பெண் பழுத்த இலைபோல ஆகிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு முகத்தை வேறு யாராவது செய்திருந்தால் கையை ஒடித்திருப்பார்.

"போதும். இப்பதாங்க உயிர் வந்திருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லு. நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அவர் மறுபடியும் ஒருமுறை பார்த்தார். மஞ்சளாகத்தான் இருந்தது. அப்படியே சேமித்தார்.

"நாளைக்குக் காலையில கண்ணாஸ்பத்திரி" என்றாள்.

தலையாட்டினார். கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "அடுத்த முகம்" என்றார்.