காபி மலையில் மாமனாரோடு பேசியது

எங்கள் பக்கத்தில் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அவ்வளவாக வழக்கமில்லை. சண்டையெல்லாம் கிடையாது, மரியாதை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் என் மாமனார் என்னிடம் நேராகச் சொன்னது "வாங்க", "சாப்பிடுங்க", "போயிட்டு வாங்க" என்ற மூன்றுதான். மற்றதெல்லாம் என் மனைவி வழியாகத்தான் வரும், போகும்.

வெளிநாட்டில், எங்கள் இர்விங் அபார்ட்மெண்டில், ஒரே சோபாவில் இந்த முனையில் நான், அந்த முனையில் அவர். "அம்மிணி, மாப்பிள்ளைக்கு டிவி சத்தம் பத்துதான்னு கேளு" என்பார். "மாமாவுக்கு ஏசி குளிருதான்னு கேளு" என்பேன் நான். அடுப்படியில் நிற்கும் என் மனைவி கரண்டியோடு வந்து, இரண்டு பக்கமும் கேட்டு, இரண்டு பக்கமும் சொல்லிவிட்டுப் போவாள். அப்போது அவளுக்கு ஐந்தாவது மாசம்.

பிரசவத்துக்குத் துணையாக இருக்கத்தான் மார்ச் கடைசியில் அவரும் அத்தையும் வந்தார்கள். ஆகஸ்டில் குழந்தை, செப்டம்பரில் திரும்பும் டிக்கெட். மே மாதம் பிறந்ததும் ஒரு நாள் மனைவி முகம் செத்துப்போய் வந்து சொன்னாள்: "அப்பா டிக்கெட்டை முன்னாடி மாத்தித் தரச் சொல்றாருங்க. ஜூன்லயே போகணுமாம்."

"ஏன்?"

"கேட்டா, விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்கறாரு."

அவர் போனால் அத்தையும் போவார். ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக மோந்து குடிக்கத் தெரியாத மனுஷனை எப்படித் தனியாக விமானம் ஏற்றுவது என்பது அத்தையின் கட்சி. அத்தையும் போய்விட்டால் முதல் பிரசவத்துக்கு என் மனைவியோடு நான் மட்டும். வெந்நீர் வைக்கக்கூட எனக்குக் குறிப்பு எழுதித் தர வேண்டும். ராத்திரியெல்லாம் அவள் அழுதாள். என் வீட்டில் அவருக்கு என்ன குறை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அதைக்கூட அவளிடம்தான் கேட்டேன், அவரிடம் கேட்கவில்லை.

அவர் பொள்ளாச்சியில் முப்பது வருஷம் காபித்தூள் கடை வைத்திருந்தவர். கொட்டையைக் கையில் அள்ளினாலே எந்த மலையில் விளைந்தது என்று சொல்வார். எங்கள் ஆபீசில் ஒரு மெக்சிகோக்காரர் இருந்தார். அவருடைய ஊர் வெரக்ரூஸ் பக்கம் ஒரு மலையூர், சுற்றிலும் காபித் தோட்டம், அவருடைய சித்தப்பாவுக்கே ஒன்று இருக்கிறது என்றார். எனக்குப் பொறி தட்டியது. மே கடைசியில் திங்கட்கிழமையும் சேர்த்து மூன்று நாள் லீவு. காபிக்காரரைக் காபி மலையில் கொண்டுபோய் நிறுத்தினால் மனசு மாறாதா? டிக்கெட் போட்டு, அரை நாள் லீவெடுத்து நாலு பேருக்கும் மெக்சிகோ விசா வாங்கி, அப்புறம்தான் வீட்டில் சொன்னேன்.

"அப்பா என்ன சொன்னார்?"

"மாப்பிள்ளை சொன்னா சரிதான்னாரு."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் புத்தி.

சனிக்கிழமை ஹூஸ்டனில் விமானம் மாறி, வெரக்ரூஸில் கார் வாடகைக்கு எடுத்து, இரண்டரை மணி நேரம் மலையேறிப் போய்ச் சேர்ந்தோம். ஹோட்டலில் முதல் வேலையாகக் காபி கேட்டேன். ஒரு டம்ளர் சுடுபால், ஒரு ஸ்பூன், ஒரு இன்ஸ்டன்ட் காபி பாட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். மாமனார் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மூடினார். பாட்டிலை என் பக்கமாக மெல்ல நகர்த்தினார்.

"கொல்லன் தெருவுல ஊசி வித்த கதையால்ல இருக்குது" என்றார் அத்தை சுவரைப் பார்த்து. அவரும் என்னோடு நேராகப் பேசுவதில்லை, சுவரிடம் சொல்வார்.

மறுநாள் அந்த மெக்சிகோக்காரருடைய சித்தப்பா தோட்டம். பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வீட்டில் ஒரு ஞானஸ்நான விருந்து, அதற்கு முன்னால் பதினொரு மணிக்குள் வந்தால் சுற்றிக் காட்டுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். மலைப்பாதை, மூடுபனி, போதாததற்குத் தூறல். நான் ஓட்ட, பக்கத்தில் மாமனார். ஊர்ப் பெயரெல்லாம் எழுதின காகிதம் அவர் மடியில். பின்னால் மனைவியும் அத்தையும்.

"அம்மிணி, மாப்பிள்ளையைக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லு."

"ஏங்க, மெதுவாப் போவீங்களாம்."

"லேட்டாயிடும்னு மாமாகிட்ட சொல்லு."

"அப்பா, லேட்டாயிடுமாம்."

"லேட்டானாலும் பரவால்ல, ரோடு வழுக்குதுன்னு சொல்லு."

வளைவில் வண்டி ஒரு குலுக்கல் குலுக்கியது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "நான் என்ன டெலிபோன் ஆபீசா? ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன ஒரு முழம் இருக்குமா? இனிமே என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது. பேசிக்கறதா இருந்தா நீங்களே பேசிக்கோங்க!"

ஒரு பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. மாமனார் தொண்டையைச் செருமினார். குளிர்கிறது போல என்று ஏசியை அணைத்தேன். மறுபடியும் செருமினார். ஹீட்டரைப் போட்டேன். அப்புறம் அவர் செருமவில்லை. நாற்பது நிமிஷம் போன பிறகு தார் ரோடு முடிந்து, ஒரு ஆட்டுப்பட்டிக்கு முன்னால் மண்ணில் நின்றோம். வேலியோரம் நின்ற ஒரு பெண்பிள்ளை வந்த வழியையே கை காட்டினாள்.

தோட்டத்து வாசலுக்குப் போனபோது மணி ஒன்றரை. எல்லோரும் விருந்துக்குப் போய்விட்டார்கள், இரும்புக் கதவில் பூட்டு. சங்கு ஊதினாலும் கேட்க ஆள் இல்லை. கம்பி வழியே பார்த்தால் செடிகளெல்லாம் இருந்தன, காய்தான் சுண்டைக்காய் அளவில் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. காயப்போட்ட களமும் இல்லை, கொட்டையும் இல்லை, வாசனையும் இல்லை.

மாமனார் கம்பிக்குள் கையை விட்டு ஒரு கிளையைத் தூக்கிப் பார்த்தார். "இந்த மாசத்துல இப்படித்தான் இருக்கும், அம்மிணி. பழம் பழுக்க கார்த்திகை ஆகும்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

நேராக அவரிடம்தான் கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவரும் ஒரு நிமிஷம் மகளைத் தேடினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தெரியுமுங்க" என்றார்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே. ஆசையா டிக்கெட்டெல்லாம் போட்டுட்டு வந்து நிக்கறீங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"ரோடு பிரிஞ்ச இடத்துல போர்டு இருந்துதா?"

"இருந்துச்சுங்க."

"பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. ரெண்டு தரம் செருமினேன்."

ஊமை கண்ட கனவு என்பார்கள், அந்த மாதிரி. சிரிப்பதா, தலையை அந்தக் கம்பியிலேயே முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆற்றாமையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "உங்களுக்காகத்தானே இவ்வளவும் பண்ணினேன்! எங்க வீட்டுல என்ன குறை உங்களுக்கு? அவளை இந்த நிலையில விட்டுட்டுப் போறேன்னு எப்படிச் சொல்ல வந்துது?"

அவர் செடியைப் பார்த்தார். பேசியது அத்தை. சுவர் எதுவும் இல்லாததால் என்னைப் பார்த்தே சொன்னார்: "சாவிங்க, மாப்பிள்ளை. வீட்டுச் சாவி."

"நீ சும்மா இரு" என்றார் மாமனார்.

"இனி என்ன சும்மா இருக்கறது? அழுவுற பிள்ளைக்குத்தான் பாலு." அத்தை நிறுத்தவில்லை. "காலைல எட்டு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிடறீங்க. ஆளுக்கொரு சாவி எடுத்துட்டுப் போயிடறீங்க. அந்தக் கதவு சாத்தினா தானாப் பூட்டிக்குது. இவரு வெளிய போனா நான் உள்ள காவல், நான் போனா இவரு காவல். ஒரு நாள் துணி துவைக்கற ரூமைப் பாக்கலாம்னு ரெண்டு பேரும் இறங்கினோம். பின்னாடியே கதவு சாத்திக்கிச்சு. பதினோரு மணிக்கு. நீங்க வர்ற வரைக்கும் அந்தப் படியிலதான் உக்காந்திருந்தோம். சோறு தண்ணி இல்ல."

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆறு மணிக்கு வந்தோம். இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். "என்ன, வெளியில உக்காந்திருக்காங்க?" என்று மனைவியைக் கேட்டேன். "காத்து வாங்கறாங்களாம்" என்றாள். பரவாயில்லையே, ஊர் பழகிவிட்டதே என்று எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள் மனைவி, அழுதுகொண்டே.

"பொண்ணைக் குடுத்த வீட்டுல வந்து சாவி குடுன்னு கேக்கறதா? நல்லாருக்குமா?" என்றார் அவர். பிறகு, இன்னும் மெல்ல: "முப்பது வருஷம் கடைச் சாவி என் இடுப்புலதான் இருந்துச்சுங்க."

சம்பாதிக்கிறோம், கார் வைத்திருக்கிறோம், நாலு பேரை விமானம் ஏற்றி இன்னொரு நாட்டு மலை வரைக்கும் கொண்டுவர முடிகிறது. பக்கத்துக் கடையில் இரண்டு நிமிஷத்தில் வெட்டித் தருகிற ஒரு சாவி மூளையில் உதிக்கவில்லை. என்மேல் எனக்கு வந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், மலை இறங்கும்போது ரோட்டில் போன ஒரு லாரியைத் திட்டினேன்.

"மெதுவாப் போங்க, மாப்பிள்ளை" என்றார் மாமனார் பக்கத்திலிருந்து, நேராக என்னிடமே.

திங்கட்கிழமை இரவு வீடு வந்தோம். செவ்வாய் ஆபீசிலிருந்து வரும்போதே இரண்டு சாவி வெட்டி வாங்கிவந்து, என் ஆபீஸ் போன் நம்பர் எழுதின சீட்டோடு அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார், ஒன்றை அத்தையிடம் கொடுத்தார், இன்னொன்றை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். டிக்கெட் மாற்றுகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், ஆபீசில் ஒரு மீட்டிங் நடுவில் எனக்குப் போன் வந்தது. அதுவரைக்கும் அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை. துணி துவைக்கும் ரூமுக்குப் பக்கத்தில் இருந்த காசு போடும் போனிலிருந்து பேசினார். குரல் சூடாக இருந்தது.

"என்னங்க சாவி வெட்டிக் கொண்டாந்தீங்க? பத்து நிமிஷமாத் திருகறேன், தொறக்கவே மாட்டேங்குது. பாத்து வாங்கக் கூடாதுங்களா?"