முழங்காலுக்கு ஒரு டிரம்

மின்சாரத்திலேயே வாத்தியச் சத்தத்தை உண்டாக்கும் கருவிக்குச் சின்தசைசர் என்று பெயர். அந்தச் சொல்லை அப்போது நான் கேட்டதே இல்லை. எழுபதுகளின் நடுவில் திருவள்ளூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கையில் தொழில் இருந்தது. அதைப்போல இரண்டு மடங்கு தலைக்கனமும் இருந்தது.

என் மனைவியின் தம்பி ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் டிரம்ஸ் வாசித்தான். பகலில் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. ஒருநாள் உருளையிலிருந்து தெறித்து வந்த பழுக்கக் காய்ந்த கம்பி அவன் வலது காலைச் சுற்றிக்கொண்டது. முழங்கால் மிஞ்சியது, அதற்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பெரிய டிரம்மைக் காலால் மிதித்துத்தான் அடிக்க வேண்டும். இடது காலால் பழகிப் பார்த்தான், தாளம் தள்ளாடியது. குழுத் தலைவர் ஒரு கல்யாணக் கச்சேரி வரை தவணை கொடுத்தார். ஆலை வேலை ஏற்கெனவே போயிருந்தது. இதுவும் போனால் அவனுக்கு வேறு ஒன்றும் இல்லை.

"முட்டியால அமுக்கற மாதிரி எதுனா பண்ணித் தரியா மாமா?" என்று கேட்டான்.

செய்தேன். ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இரண்டு டிரான்சிஸ்டர், சில கண்டன்சர்கள். அதிலிருந்து ஒயர் இழுத்து ஒரு காலிங்பெல் சுவிட்ச். அமுக்கினால் சர்க்யூட் ஒருமுறை அதிர்ந்து அடங்கும். முதல் நாள் வந்தது குடத்தைத் தட்டிய சத்தம். கண்டன்சரைப் பெரிதாக்கினேன், சத்தத்தின் சுருதி கீழே இறங்கியது, ஆனால் ஏப்பம் போல இழுத்தது. டிரம் அடி என்றால் தொடக்கத்தில் கொஞ்சம் மேலே நின்று சட்டென்று கீழே சரிய வேண்டும். மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். கடையிலிருந்த பெரிய மரப்பெட்டி ரேடியோவில் டப்பாவை இணைத்திருந்தேன். அவன் அந்தப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். "இன்னும் கீய மாமா. வயித்துல குத்தணும்." ஒருநாள் குத்தியது. மேசையிலிருந்த திருகாணிகள் குதித்தன. அவன் அழுதுவிட்டான். நானும்தான்.

கச்சேரிகளுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டும் மைக் செட்காரர் அன்று கடைக்கு வந்திருந்தார். "அண்ணே, எதுக்கும் நம்ம கொயாயில ஒரு வாட்டி போட்டுப் பாத்துடு" என்றார்.

"சீரியல் பல்பு மாட்டறவன் எனக்கு ரேடியோ சொல்லித் தரியா? போய் வேலயப் பாரு" என்று விரட்டினேன்.

கல்யாணம் கடம்பத்தூரில். நிஜ டிரம்மின் சத்தம் மேடையிலிருந்து நேராகவே ஜனங்களுக்குப் போய்விடும். டப்பாவின் சத்தமோ குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தான் போயாக வேண்டும். குழாயில் பேச்சு வரும், பாட்டு வரும், அடிக்குரல் வராது. மூன்று வாரம் நான் இறக்கி இறக்கி வைத்ததெல்லாம் அதற்குள்ளேயே செத்துப்போய், 'டிக் டிக்' என்ற நுனி மட்டும் வெளியே வந்தது.

"இன்னாடா, பல்லி கத்துது!" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது.

எனக்கு முதல் பாட்டிலேயே புரிந்துவிட்டது. அவனுக்குப் புரியவில்லை. தான் சரியாக அமுக்கவில்லை என்று நினைத்து முழங்காலை ஓங்கி ஓங்கி இடித்தான். காலிங்பெல் சுவிட்சை எவ்வளவு ஓங்கி அமுக்கினாலும் ஒரே சத்தம்தான். நான்காவது பாட்டில், பேன்ட்டை மடித்து ஊக்கு குத்தியிருந்த இடத்தில் ரத்தம் தெரிந்தது. குழுத் தலைவர் அவனைக் கீழே இறங்கச் சொன்னார். இனி வர வேண்டாம் என்றும் சொன்னார்.

ஸ்டேஷனில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தோம். "உன் பொட்டி நல்ல பொட்டி மாமா. நான்தான் ஒயுங்கா அமுக்கல. எனக்கு இனிமே வராது" என்றான். ரயில் வருகிறதா என்று பார்ப்பவன்போல நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மைக் செட்காரரிடம் ஒரு குழாயை இரவல் வாங்கி, ஒரே ஒரு கண்டன்சரைச் சிறியதாக மாற்றி, குழாய்க்கு எட்டும் அளவுக்குச் சத்தத்தை மேலே ஏற்றினேன். 'தும்' என்று தெளிவாக வந்தது. பத்து நிமிட வேலை. டப்பாவை அவனிடம் கொடுத்தால் தப்பு யாருடையது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் துப்பில்லை. பரண்மேல் போட்டுவிட்டேன்.

டிரம் குச்சிகளை அவன் தன் அக்காவிடம் விறகோடு சேர்த்து எரிக்கக் கொடுத்தான். அவை எரிந்த அடுப்பில் போட்ட காப்பியை நானும் குடித்தேன்.