வட்டக் கூடத்து நடுவிலை கிளறா

கிளறாவுக்கு, பாட்டுநாடகம் நடக்கிற அந்த மாசிமோ தியேட்டர் எண்டால், முப்பது வருசமாய் பஸ் யன்னலாலை தெரியிற ஒரு கூரைதான். தான் குடியிருக்கிற சீசாப் பக்கத்திலையிருந்து எசமானி சிஞ்ஞோரா மொனிகா வீட்டுக்கு வேலைக்குப் போகேக்கை ஒருக்கா, திரும்பி வரேக்கை ஒருக்கா. உள்ளுக்கை எப்பிடி இருக்குமெண்டு யோசிக்கிறதுக்குள்ளை பஸ் வளைஞ்சிடும்.

இப்ப புருசன் அருளையாவுக்குப் பென்சன் வந்திட்டுது. வாற செவ்வாய் மன்னாருக்கு ஒரேயடியாய்ப் போக ரிக்கற்றும் போட்டாச்சு. மகளும் பேரப்பிள்ளையளும் இஞ்சை. எண்டாலும் கிளறா ‘ஓம்’ எண்டு தலையாட்டிப்போட்டாள். வாயில்லாப் பூச்சி, வேறை என்னத்தைச் செய்யும்! பிரியாவிடைக்கெண்டு சிஞ்ஞோரா தியேட்டரைச் சுத்திப் பாக்க ரெண்டு பாஸ் குடுத்தா.

ரெண்டுபேருமாய் உள்ளுக்கை போனால், அம்மாடி! சிவப்பு வெல்வெற், அடுக்கடுக்காய்த் தங்கப் பூச்சு. மேலை கூரை முழுக்கப் பூவிதழ் மாதிரிப் பெரிய பலகையள். வெக்கை கூடினால் அந்த இதழெல்லாம் திறந்து காத்தை வெளியிலை விடுமாம். அண்ணாந்து நிண்ட கிளறாவுக்கு, தான் நிக்கிறாளோ மிதக்கிறாளோ எண்டே தெரியேல்லை.

பிறகு ஒரு வட்டக் கூடம். நடுவிலை நிண்டு கதைச்சால் குரல் தனக்குத்தான் பெரிசாய்க் கேக்கும், சுத்தி நிக்கிற ஆக்களுக்கு ஒண்டும் விளங்காதெண்டு சுத்திக் காட்டின பெட்டை சொன்னாள். ஒவ்வொருத்தராய்ப் போய் ‘ச்சாவோ’ எண்டு வணக்கம் சொல்லிக் கத்திச் சிரிச்சினம். கிளறாவுக்கோ அது கோயிலிலை சாமியாரிட்டைப் பாவம் சொல்லுற பாவசங்கீர்த்தனத் தொட்டியாய்த் தெரிஞ்சுது. செருப்பைக் கழட்டி ஓரமாய் வைச்சாள், சிலுவை போட்டாள், முழந்தாளிட்டாள். வெள்ளைக்காரர் வாயைப் பிளந்தினம்.

“ஆண்டவரே, அவருக்கு ‘ஓம்’ எண்டு பொய் சொல்லிப்போட்டன். எனக்கு மன்னாருக்குப் போக விருப்பமில்லை.”

குரல் சுத்திச் சுத்தி வந்து அவளிலையே விழுந்தது. இவ்வளவு பெரிய குரல் தனக்கு இருக்கெண்டு அவளுக்கு இண்டைக்குத்தான் தெரியும். அழுகை வந்திட்டுது.

“என்னப்பா, என்ன சொன்னனீர்?” அருளையா பதறிப்போனார்.

“நான் வரேல்லை,” எண்டாள் அதே குரலிலை. “எனக்கு இஞ்சைதான் இருக்கோணும்.”

அவற்றை முகம் கறுத்துப்போச்சு. சப்பாத்தைக் கழட்டினார். நடுவிலை போய் முழந்தாளிட்டு வாயசைச்சார். ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கேல்லை.

எழும்பி வந்தவரிட்டை, “நீங்கள் என்ன பாவம் சொன்னியள்?” எண்டு கேட்டாள்.

“முப்பது வருசம், உம்மட்டை ஒரு சொல்லுக் கேக்காமலே எல்லாத்தையும் முடிவெடுத்தனான்.” கண்ணைத் துடைச்சார். “இப்ப சொல்லும், செவ்வாய்க்கிழமை என்ன செய்வம்?”