ஒரு வாரம் தள்ளித் தொடங்கிய சபை

 ஒரு வாரம் என் அக்காள் என் போனை எடுக்கவில்லை. எங்கள் சபை பிறக்கும் முன்பே எங்கள் சொந்தபந்தத்தை இரண்டாக்கிவிடும் போல இருந்தது. அதிலிருந்து ஆண்டவர் எங்களை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நான் கூட்டத்தில் எழுந்து நின்றாலே கை நடுங்குகிறவன். அதனால் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மலேசியாவில், பீடோங் என்ற சிற்றூரில் குடியிருக்கிறேன். படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான். கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. பிறந்து வளர்ந்தது பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அம்மா தவறிய பிறகு என்னை வளர்த்தது என் அக்காள். நான் ஞானஸ்நானம் எடுத்தபோது அக்காள் அழுதார். ஆனால் உறவை அறுக்கவில்லை. தீபாவளிக்கு நான் அவர் வீட்டுக்குப் போவேன். கிறிஸ்துமஸுக்கு அவர் முறுக்கு சுட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். அவருடைய கணவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் செயலாளர்.

பல வருடங்களாக என் வீட்டு ஹாலில்தான் ஜெபக்கூட்டம் நடந்தது. ஏழு குடும்பங்கள். பக்கத்து நகரமான சுங்கை பட்டாணியிலிருந்து போதகர் வாரம் ஒரு முறை மோட்டார் சைக்கிளில் வருவார். போன வருடம் உட்கார இடம் போதவில்லை. கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடையின் மாடி கிடைத்தது. சபையாகவே தொடங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். எந்த நாளில் தொடங்குவது என்று கேட்டு மூன்று நாள் உபவாசித்து ஜெபித்தோம். ஈஸ்டர் கழிந்து மூன்றாவது ஞாயிறு என்று எல்லாருக்கும் மனதில் பட்டது. சந்தோஷத்தோடு அழைப்பிதழ் அடித்தோம்.

வீடு வீடாகக் கொடுக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். தோட்டத்து ஆட்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும் என்பதால். பாதி வீடுகளில் யாரும் பிரித்துப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்கள்; அதன் பிறகு அக்காள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன்யா, வருஷம் முழுக்க ஞாயித்துக்கிழமை வருது. எங்க திருவிழா அன்னைக்குத்தான் உங்க சாமிக்கு நேரம் கிடைச்சுச்சா?"

 அன்று காலையில்தான் பால்குடமும் காவடியும் அந்தக் கடைத்தெரு வழியாகப் போகும். மாடியில் நாங்கள் ஸ்பீக்கர் வைத்துப் பாடிக்கொண்டிருப்போம்.

"தெரியாது மாமா," என்றேன்.

"தெரியாதா?" என்று உள்ளேயிருந்து வந்தார் அக்காள். "நீ பால்குடம் எடுத்த பிள்ளைடா!"

உண்மையாகவே தெரியாது. கோயிலில் வருடாவருடம் ஒவ்வொரு வீட்டுக்கும் நாட்காட்டி கொடுப்பார்கள். திருவிழா தேதி அதில்தான் இருக்கும். இரட்சிக்கப்பட்ட பிறகு நாங்கள் எல்லாரும் அதைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டு வசன நாட்காட்டியை மாட்டிக்கொண்டோம். அந்தத் திருவிழாவை அப்பா தோளில் ஏறிப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் ஏழு வீட்டிலும். ஆனால் அந்த வருடம் அது என்றைக்கு வருகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. விசாரிக்கவும் தோன்றவில்லை.

அக்காள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அதன் பிறகுதான் போனையும் எடுக்காமல் விட்டார்.

வியாழக்கிழமை கூட்டத்தில் விஷயத்தைப் பேசுவதாக இருந்தது. அன்று மதியம் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு நடுவே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, தேதி எப்படியோ போகட்டும். தாய் வீடு என்று எனக்கு அக்காளை விட்டால் யார் இருக்கிறார்கள்? எனக்குப் பேசத் தெரியாது. இன்றைக்கு மட்டும் வாயைக் கொடுங்கள்." அவ்வளவுதான் என் ஜெபம். அழுகைதான் அதிகம்.

கூட்டத்தில் முதலில் பேசியவர் டேவிட் அண்ணன். எங்களில் மூத்தவர், லோரி ஓட்டுகிறவர்.

"தேதி ஜெபத்துல வந்தது. அதை மாத்துறது அவிசுவாசம். சாத்தான் கொட்டடிச்சா நாம ஓடுறதா? ஸ்பீக்கரைப் பெருசா வைப்போம் லா!"

சிலர் ஆமென் என்றார்கள்.  எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணே, அங்க கொட்டடிக்கிறது சாத்தான் இல்ல. என் அக்கா மவன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். நான் உட்காரவில்லை.

"மூணு நாளு பட்டினி கிடந்து ஆண்டவரைக் கேட்டோம். பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை கேக்கல. அது நம்ம தப்பு அண்ணே. அதைத் தூக்கி ஆண்டவர் மேல போட வேணாம்."

 அப்போது டேவிட் அண்ணனின் மனைவி மேரி அக்கா மெதுவாகச் சொன்னார்:

"என் தம்பி இந்த வருஷம் காவடி எடுக்குறான். மேல நின்னு நான் ஸ்பீக்கர்ல பாடினா, அப்புறம் அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"இதை ஏன் வீட்டுல சொல்லல?" என்றார் அண்ணன்.

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார், கண் கலங்கி. போதகர் எழுந்து, "அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பினது நான். விசாரிக்காதது என் தப்பு. ஒரு வாரம் தள்ளி வைப்போம்," என்றார். முடிவு ஜெபத்தை டேவிட் அண்ணன்தான் செய்தார். "எங்கள் அவசரத்தை மன்னியும் ஆண்டவரே" என்று தொடங்கியவர் அந்த ஒரு வரியோடு ஆமென் சொல்லி முடித்தார்.

மறுநாளிலிருந்து, தொழிற்சாலை வேலை முடிந்ததும் பேனாவால் தேதியைத் திருத்தி, கொடுத்த வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் மன்னிப்புக் கேட்டேன். சில வீடுகளில் முகம் கொடுக்கவில்லை. கடைசியாகத்தான் அக்காள் வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது.

மாமா திருத்திய தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னியா? நீயா? பொண்ணு பாக்கப் போன இடத்துல புடிச்சிருக்கான்னு கேட்டதுக்கே தலையைத்தானே ஆட்டினே!" பிறகு உள்பக்கம் பார்த்துக் கத்தினார்: "இந்தா, உன் தம்பி வந்திருக்கான். தண்ணி கலக்கு!"

அக்காள் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.  நான் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

திருவிழா அவர்கள் முறைப்படி நடந்தது. அடுத்த ஞாயிறு எங்கள் சபை தொடங்கியது. மாமா வரவில்லை. அக்காள் வந்தார். படியேறி மூச்சு வாங்க, கதவை ஒட்டிய கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டுக்கு எழுந்து நிற்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் வாயைத் திறந்தார்.

"போன வாரம் வரைக்கும் ஊரே விரதம்டா. அன்னைக்கே வச்சிருந்தா இந்தக் கோழிக்கறியை யாரு தின்னிருப்பா?"

டேவிட் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்து, அக்காள் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.

அக்காள் இன்னும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குத்தான் போகிறார். அவருக்காக நான் ஜெபிக்கிறேன். அது ஆண்டவர் கையில். நான் கேட்டது ஒரு வாய் மட்டும். சபை வைக்கிறவனுக்கு வாய் எதற்கு, பிரசங்கம் பண்ணத்தானே என்று நினைத்திருந்தேன். ஆண்டவர் முதலில் அதை வைத்து வாசல் வாசலாக மன்னிப்புக் கேட்க வைத்தார். அந்த வாசல்களில் சில பேர் இன்று என்னிடம், "எங்க பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, வந்து ஜெபம் பண்ணுவீங்களா?" என்று கேட்கிறார்கள். கை இன்னும் நடுங்குகிறது. ஆனாலும் போகிறேன்.

இதை வாசிக்கும் சகோதரனே, சகோதரியே, யாரிடமோ சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை நீங்களும் பயத்தால் விழுங்கிக்கொண்டிருக்கலாம். பேசத் தெரியாதே என்று தள்ளிப் போடாதீர்கள். அவரிடம் கேளுங்கள். ஒருவேளை பெரிய பேச்சு எதுவும் வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் அந்த வாசலில் நிற்கும்போது தேவையான அளவு தருவார். கேட்டுவிட்டு, எழுந்து போங்கள்.