ஏழு நாள் இலவச சர்வீஸ்

மாத்திரை அடிக்கும் மிஷினைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அந்த நகரத்தில் மூன்றே பேர். ஒருவர் மகளோடு வெளிநாடு போய்விட்டார். இன்னொருவருக்குக் கண்ணில் புரை. மிச்சம் இருப்பவர் நம் ஆள்தான். தொழில் வட்டாரத்தில் அவருக்கு ‘ஸ்டிக்கர்’ என்று பெயர். வேலை முடிந்ததும் மிஷினின் நெற்றியில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டாவிட்டால் அவருக்குக் கை அடங்காது. அதில் அவர் பெயர், போன் நம்பர், வீட்டு விலாசம், தேதி, அடியில் கொட்டை எழுத்தில் ‘ஏழு நாள் இலவச சர்வீஸ்’. கூடவே எண்ணிக்கை காட்டும் கவுண்டரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் ஓட்டிப் பார்ப்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஓட்டிப் பார்த்த மாத்திரைகளில் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். சின்னத் தராசில் அதன் எடையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வார். பிறகு அது அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். அவர் போய்வருகிற இடமெல்லாம் சத்து மாத்திரை செய்கிற கம்பெனிகள். அதனால் மதியம் சாப்பிட்டதும் அவர் மனைவி டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்குவார். “கடைக்காரன்கிட்ட வாங்கினா காசு. இது வீட்டுக்காரர் குடுக்கிற சீர்” என்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் பிற்பகல் போன் வந்தது. புதினா மாத்திரை செய்கிறோம், மிஷின் முரண்டு பிடிக்கிறது என்றான் ஒருவன். டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. உள்ளே கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவனும், வாயே திறக்காத ஒருவனும் இருந்தார்கள். புதினா வாசனை மட்டும் இல்லை. நம் ஆள் எதையும் கவனிக்கவில்லை. மிஷின் கண்ணில் பட்டால் அவருக்கு உலகம் மறந்துபோகும்.

ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டினார். தேய்ந்த அச்சைத் தேய்த்து, தளர்ந்ததை இறுக்கி, ஸ்டிக்கரை ஒட்டி, ஓட்டிவிட்டார். வெள்ளை வெளேரென்று மாத்திரைகள் தட்டில் கொட்டின. கை தானாக ஒன்றை எடுத்துப் பையில் போட்டது.

“தராசு எங்கப்பா? எடை பார்க்கணும்.”

“தராசா? அதெல்லாம் எதுக்கு?” என்றான் சட்டைக்காரன்.

தராசு இல்லாத மாத்திரைக் கம்பெனியை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அப்போதுதான் சுற்றிலும் கண்ணை ஓட்டினார். மூலையில் பெயின்ட் வாளி, அதில் ஏதோ பொடி, பொடிக்குள் ஒரு சமையல் கரண்டி.

“இதுலயா கலக்குறீங்க? ஒரு மாத்திரையில ஒண்ணுமே இருக்காது, அடுத்ததுல மொத்தமும் இருக்குமே” என்று பழக்க தோஷத்தில் திட்டிவிட்டார்.

“திங்கிறவன் பாடு அது. நமக்கென்ன?” என்று சிரித்தான் அவன்.

அந்தச் சிரிப்பில்தான் அவருக்கு எல்லாம் விளங்கியது. இது போதை மாத்திரை. ஓடாமல் கிடந்த மிஷினை ஓட வைத்தது இவருடைய கை. முப்பது வருடத்தில் ஒரு மிஷினையும் ஓடாமல் விட்டுவிட்டு வந்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர், “கொஞ்சம் எண்ணெய் விடணும்” என்று மிஷினை நிறுத்திக் குனிந்து, கட்டைவிரல் அளவுள்ள இரும்பு ஆப்பு ஒன்றை உருவிப் பைக்குள் தள்ளினார். கவுண்டரில் இருநூற்றுப் பன்னிரண்டு. இனி அது ஒன்றுகூட ஏறாது. “அரை மணி நேரம் ஊறட்டும், அப்புறம் ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டு வந்தவர், தெருமுனை வரை நடந்தார், அதற்கப்புறம் ஓடினார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“ஸ்டிக்கர் ஒட்டினீங்களா?”

அவர் தலையாட்டினார்.

“விலாசத்தோட?”

அவர் தரையைப் பார்த்தார்.

“திருடன் வீட்டுலயே விசிட்டிங் கார்டு வச்சுட்டு வந்த மனுஷன் நீங்க ஒருத்தர்தான்” என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “காலையில முதல் வேலையா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. அவங்க தேடி வர்றதுக்குள்ள நீங்க போயிடுங்க” என்றார்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. முழுவதையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“மூணு மாசமா இந்த மிஷினைத்தான் தேடுறோம் ஐயா. நாங்க போறதுக்குள்ள இடத்தை மாத்திடறாங்க. தரையில மிஷின் நின்ன தடம்தான் மிஞ்சும். போன தடவை அங்க கிடந்த தூசியைப் பெருக்கின எங்க கான்ஸ்டபிள் மூச்சு வாங்க முடியாம நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்தார். போன மாசம் ஒருத்தர், ரெண்டு போட்டும் ஒண்ணும் ஆகலியேன்னு மூணாவதைப் போட்டிருக்கார். எழுந்திரிக்கவே இல்லை.”

நம் ஆளுக்கு, தன் பங்குக்கு இருநூற்றுப் பன்னிரண்டு செய்து கொடுத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. சொல்லியும் விட்டார்.

கொட்டகைக்குப் போன ஆட்கள் அது காலி என்று தகவல் அனுப்பிய அதே நேரம், அவருடைய போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

“என்ன மெக்கானிக் சார், நீங்க போனதும் மிஷின் நின்னுடுச்சு?” சட்டைக்காரன்தான். “ஏழு நாள் இலவசம்னு போட்டிருக்கீங்கல்ல? வந்து பாத்துக் குடுங்க. இடம் மாறிட்டோம், விலாசம் எழுதிக்கோங்க.”

ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் தானே பேனாவை எடுத்து எழுதினார். மூன்று மாதமாக எந்த உளவாளிக்கும் கிடைக்காத விலாசம், கதவு எண் முதல் எதிரில் இருக்கும் சலூன் வரை கிடைத்தது.

“முகமூடி, கையுறை இல்லாம யாரும் உள்ள போகக் கூடாது மேடம். காத்தாடியைப் போட்டுடாதீங்க, பொடி பறக்கும்” என்று கூடவே போன நம் ஆள் இருபது தடவை சொன்னார். அவர்களும் கேட்டார்கள். பதினோரு மணிக்கு உள்ளே போனவர்கள், பன்னிரண்டுக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. சட்டைக்காரன் ஜீப்பில் ஏறும்போது நம் ஆளைப் பார்த்து, “சர்வீஸ்னா இதுதான் சர்வீஸ்” என்றான். அதற்குப் போலீஸ்காரர்களே சிரித்துவிட்டார்கள்.

தட்டு அப்படியே இருந்தது. “எண்ணிப் பாருங்க மேடம், கவுண்டர்ல இருநூத்திப் பன்னிரண்டு இருக்கும்” என்று கெஞ்சினார். அவருக்கு அது தெரிந்தாக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினார்கள். இருநூற்றுப் பதினொன்று. மறுபடி எண்ணினார்கள். அதே இருநூற்றுப் பதினொன்று.

“ஒண்ணுதானே ஐயா.”

ஒன்று. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. இது இன்றைய சட்டை. நேற்றைய சட்டையிலிருந்த மாத்திரையை, பதற்றத்தில் எடைகூடப் பார்க்காமல், வழக்கம்போல் டப்பாவில் போட்டிருந்தார். போட்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. டப்பாவில் இருப்பதெல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். மணி ஒன்றேகால். மனைவி சாப்பிட்டு முடிக்கிற நேரம்.

போன் போட்டார். பிஸி. மறுபடியும் போட்டார். பிஸி. விஷயத்தைச் சொன்னதும் இன்ஸ்பெக்டரின் ஜீப் பறந்தது. முன்சீட்டில் உட்கார்ந்து பதினாறு தடவை அழைத்தார், பதினாறும் பிஸி. மனைவி விழுந்து கிடப்பதாகவும் போன் கையிலேயே இருப்பதாகவும் அவருடைய மனசு காட்டிக்கொண்டே வந்தது. கடவுளே, அவளை விட்டுடு என்று வாய்விட்டு அழுதார். இன்ஸ்பெக்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்துதான் இருந்தது. மனைவி சாப்பாட்டு மேசையில் கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர், பக்கத்தில் தட்டில் ஒரு வெள்ளை மாத்திரை, காதில் போன்.

“இரு அக்கா, ஏதோ போலீஸோட வந்திருக்கார்... நீ சொல்லு, அப்புறம் அந்தச் சம்பந்தி என்னதான் சொன்னா?”

அக்காவும் தங்கையும் பேச ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பேசி முடித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று மாத்திரை காத்திருந்தது. நம் ஆள் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் கையுறை போட்டு, தட்டில் இருந்ததையும் டப்பாவையும் வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. அந்த மாத்திரைகள் ஒவ்வொன்றும் எடையில் மயிரிழை பிசகாமல் இருந்தனவாம். பாதிக்கு மேற்பட்டவற்றில் உள்ளே ஒன்றுமே இல்லை. மனைவியின் தட்டில் இருந்தது அந்த இருநூற்றுப் பன்னிரண்டாவதுதான். அதில் மட்டும் நாலு பேரைச் சாய்க்கிற அளவு இருந்தது என்று இன்ஸ்பெக்டர் போனில் மெல்லச் சொன்னார்.

அதை அவர் மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை. அக்கா தங்கை பேச்சைப் பற்றி முப்பது வருடமாகப் புலம்பிய மனிதர், இப்போதெல்லாம் அக்காவிடமிருந்து போன் வந்தால், எழுந்து போய் மனைவிக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறார். சார்ஜரையும் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறார்.

“என்ன ஆச்சு உங்களுக்கு?” என்று மனைவி கேட்டால், “ஒண்ணுமில்ல, நல்லா பேசு” என்கிறார்.